முதல் சிசேரியனில் தையல் பிரிந்தது, இப்போது எடை 84 கிலோ: இரண்டாவது பிரசவத்துக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: எனக்கு வயது 29. உயரம் 156 செ.மீ., எடை 84 கிலோ. இரண்டரை வருடத்துக்கு முன்னால் முதல் குழந்தை சிசேரியனில் பிறந்தது. 39-ஆவது வாரத்தில் வலி வருவதற்கு ஜெல் வைத்தார்கள். நாள் முழுக்க வலித்தும் கர்ப்பப்பை வாய் 4 செ.மீ.க்கு மேல் திறக்கவில்லை என்று ஆபரேஷன் செய்தார்கள். எட்டாம் நாள் தையலில் ஓர் ஓரம் பிரிந்து நீராக வடிந்தது. ஆறு வாரம் கட்டு மாற்றினேன். "உடம்பு குண்டா இருந்தா இப்படித்தான் ஆகும்" என்று அப்போது சொன்னது இன்னும் மனதில் குத்துகிறது. இப்போது 11 வாரக் கர்ப்பம். மாமியார் இரண்டு உயிருக்குச் சாப்பிடு என்கிறார், அக்கா ராத்திரி சாப்பாட்டை நிறுத்து என்கிறாள். உள்ளே போட்ட தையலும் பிரிந்திருக்குமோ என்ற பயத்தில் தூக்கம் வரவில்லை. இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா? மறுபடியும் சிசேரியன்தான் என்றால் புண் ஒழுங்காக ஆறுமா?
(வாசகி, கரூர் மாவட்டம்)

பதில்: தூக்கத்தைக் கெடுக்கும் அந்தப் பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். சிசேரியனில் கத்தி வரிசையாகப் பல அடுக்குகளைக் கடந்துதான் குழந்தையிடம் போகிறது. மேலே தோல், அதன் கீழ் கொழுப்பு, பிறகு வயிற்றுத் தசையை மூடியிருக்கும் கெட்டியான வெள்ளை உறை, தசை, வயிற்றறைச் சவ்வு, கடைசியில் கர்ப்பப்பை. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆறும். உங்களுக்குப் பிரிந்தது தோலும் கொழுப்பும். வெள்ளை உறை பிரிந்திருந்தால் குடலே வெளியே தெரிந்திருக்கும், அன்றே மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோயிருப்பார்கள், வீட்டிலிருந்தபடி ஆறு வாரம் கட்டு மாற்ற விட்டிருக்க மாட்டார்கள். கர்ப்பப்பைத் தையல் அதற்கும் உள்ளே, வேறு அறையில் இருக்கிறது. மேல்தோல் பிரிந்ததை வைத்து உள்தழும்பு பலவீனம் என்று யாரும் முடிவுகட்ட முடியாது. ஒன்றை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த நாட்களில் விடாத காய்ச்சலும், துர்நாற்றத்தோடு உதிரப்போக்கும் இருந்ததா? இருந்திருந்தால் கர்ப்பப்பைக்குள்ளேயே கிருமித்தொற்று இருந்திருக்கலாம். அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கொழுப்பு அடுக்கு ஏன் பிரிகிறது? கொழுப்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. ரத்தம் குறைந்த இடத்தில் ஆக்சிஜனும் குறைவு, ரத்தத்தில் ஏற்றும் ஆன்டிபயாடிக்கும் அங்கே போதுமான அளவு போய்ச் சேராது. அடுக்கு தடிமனாக இருந்தால் தைத்த தோலுக்குக் கீழே ஒரு வெற்றிடம் விழும். அதில் வைக்கோல் நிறத்திலோ இளஞ்சிவப்பாகவோ நீர் கோத்து, ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வழி தேடிக்கொண்டு வெளியே வரும். உங்களுக்கு எட்டாம் நாள் நடந்தது இதுதான். இதைத் தடுக்க ஆபரேஷன் மேஜையில் செய்யவேண்டிய காரியங்கள் உண்டு, அவற்றைக் கீழே சொல்கிறேன். பாதி காரணம் மருத்துவமனையின் கையில் இருக்கும்போது முழுப் பழியையும் உங்கள் உடம்பின் மேல் போட்டது நியாயமில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு அளவுக்கு மீறிய எடை இருக்கிறது, பிரசவங்களில் கிட்டத்தட்ட 45 சதவீதம் சிசேரியன். எடை கூடிய பெண்ணுக்கு சிசேரியன் செய்வது நம் ஊரில் அன்றாட வேலை, அதற்கான முன்னேற்பாடும் அன்றாடமாக இருக்கவேண்டும்.

உங்கள் பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவு) கணக்கு: 84-ஐ 1.56-ஆல் இருமுறை வகுத்தால் 34.5. 30-க்கு மேல் என்றால் உடல்பருமன் என்பது உலக அளவுகோல். இந்தியர்களுக்கு 25-லேயே அந்த வார்த்தையைப் பயன்படுத்துகிறோம், ஏனென்றால் நமக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றித்தான் சேர்கிறது, சர்க்கரை நோயும் சீக்கிரம் வருகிறது. இந்த எடையோடு கர்ப்பமானால் கர்ப்பகால சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, குழந்தை பெரிதாவது, பிரசவத்துக்குப் பின் அதிக ரத்தப்போக்கு, காலில் ரத்தம் உறைவது, புண் ஆறாதது என்று எல்லாமே சற்றுக் கூடும். கூடும் என்றால் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் உரிய நேரம் ஒன்று உண்டு, அதைத் தவறவிட்டால் பிறகு செய்வதில் பாதிப் பயன்தான்.

முதல் நேரம் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. ரத்தக் கொதிப்பு, அதோடு சிறுநீரில் புரதம் போகும் ப்ரீ எக்லாம்ப்சியா, இவற்றைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுக்கிறோம். 75 முதல் 150 மி.கி. வரை, இரவில். 12-ஆவது வாரம் தொடங்கவேண்டும், 16-ஆவது வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். பி.எம்.ஐ. ஒன்றை மட்டும் வைத்து எல்லோருக்கும் தருவதில்லை. அம்மாவுக்கோ அக்காவுக்கோ கர்ப்பத்தில் ரத்தக் கொதிப்பு வந்ததா, முதல் கர்ப்பத்தில் உங்களுக்கு இருந்ததா, சர்க்கரை இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு. "எனக்கு ஆஸ்பிரின் தேவையா?" என்று அடுத்த வாரமே கேளுங்கள். கடையில் நீங்களாக வாங்கிப் போடவேண்டாம், ஆஸ்துமாவோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ரத்த அழுத்தம் பார்ப்பதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி, கையில் சுற்றும் பட்டையின் அளவு. மேல்கையின் சுற்றளவு 33 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரிய பட்டை வேண்டும். சின்னப் பட்டையில் அளந்தால் இல்லாத கொதிப்பு இருப்பதாகக் காட்டும், அதை நம்பி மாத்திரையும் ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டில் தையல் டேப்பை எடுத்துத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைப் பரிசோதனையை 24 வாரம் வரை தள்ளாதீர்கள், உங்கள் எடைக்கு இப்போதே ஒருமுறை வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளில் செய்யும் முறை எளிது. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை. குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்தால் அன்றைய சோதனை செல்லாது, மறுநாள் செய்யவேண்டும். இப்போது சரியாக இருந்தாலும் 24–28 வாரத்தில் திரும்பச் செய்தாகவேண்டும். புண் விஷயத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சர்க்கரை கூடிய ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கிருமியோடு ஒழுங்காகச் சண்டை போடாது.

இனி மாமியாருக்கும் அக்காவுக்கும் நடக்கும் வழக்கு. இருவர் கட்சியும் தோற்றது. சாதாரண எடையுள்ள பெண்ணுக்கே கர்ப்பத்தின் பிற்பாதியில் ஒரு நாளைக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சுமார் 350 கலோரிதான். இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு டம்ளர் பால், அவ்வளவே. உங்களுக்கு அதுகூட முழுதாக வேண்டியதில்லை. பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாக்கும், அது குழந்தைக்கு நல்லதல்ல. உங்கள் பி.எம்.ஐ.க்கு மொத்தக் கர்ப்பத்திலும் ஏறவேண்டிய எடை 5 முதல் 9 கிலோ. நான்காம் மாதத்திலிருந்து வாரத்துக்குச் சுமார் 200 கிராம், அதாவது மாதம் ஒரு கிலோவை ஒட்டி. தட்டில் சோறு கால் பங்கு, பருப்போ முட்டையோ மீனோ கால் பங்கு, மீதிப் பாதி கீரையும் காயும். தாளிக்கும் எண்ணெயைக் கண்ணால் பார்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். எடையை ஏற்றிவிடுவது பெரும்பாலும் சோறு அல்ல, இடையில் வரும் சத்துமாவுப் பால், பழச்சாறு, மாலை பஜ்ஜி, "கர்ப்பிணிதானே" என்று அக்கம்பக்கம் கொடுத்தனுப்பும் இனிப்பு. தினம் அரை மணி நடை, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில்.

20 வார ஸ்கேனில் இரண்டைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கொழுப்பு அடுக்கு ஸ்கேன் ஒலியை மங்கச் செய்வதால் குழந்தையின் இதயமும் முதுகும் தெளிவாகத் தெரியாமல் போகலாம், அப்படியானால் ஓரிரு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். அலுத்துக்கொள்ளாமல் போங்கள். இரண்டாவது, நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது, பழைய தழும்பின் மேலா? கர்ப்பப்பை வாயை மறைத்துக்கொண்டு கீழே இருந்தால், ஏற்கெனவே ஒரு சிசேரியன் ஆனவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அது தழும்புக்குள் வேர்விட்டிருக்கும். பிரசவத்தில் பிரிந்து வராது, கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு வரும். பெரும்பாலானவர்களுக்கு நஞ்சுக்கொடி மேலேயே இருக்கும், கேட்ட மாத்திரத்தில் நிம்மதி.

சுகப்பிரசவம் பற்றி. ஒரு சிசேரியனுக்குப் பிறகு முயல்பவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அருகில் வெற்றி கிடைக்கிறது, தழும்பு கிழியும் ஆபத்து 200-ல் ஒன்று. ஆனால் இந்த வெற்றிக்கணக்கை அப்படியே உங்களுக்குச் சொன்னால் ஏமாற்றியதாகும். அதைக் குறைக்கும் காரணங்கள் நான்கு: இதுவரை ஒரு சுகப்பிரசவமும் ஆகாதது, பி.எம்.ஐ. 30-க்கு மேல், முந்தைய சிசேரியன் வலி வந்தும் முன்னேறாததால் நடந்தது, இந்த முறை வலியை மருந்தால் வரவழைப்பது. நான்கும் சேர்ந்தால் வெற்றி 40 சதவீதம்தான். முதல் மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. நான்காவதைச் சேர்த்துக்கொள்ளவேண்டாம் என்பதே என் யோசனை. வலியைத் தூண்டினால் தழும்பு கிழியும் ஆபத்தும் இரண்டு மூன்று மடங்கு கூடும்.

ஆகவே 39 வாரம் நிறைந்ததும் பகல் நேரத்தில் சிசேரியனுக்குத் தேதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வலி தானாக வந்து, வாய் விறுவிறுவென்று திறந்து, குழந்தையும் பெரிதாக இல்லாவிட்டால் சுகப்பிரசவத்துக்கு வழிவிடலாம். ஆனால் 24 மணி நேரமும் தியேட்டரும் மயக்க மருத்துவரும் ரத்த வங்கியும் இருக்கும் இடத்தில் மட்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கும் மூன்று வருடம் இடைவெளி வருவது உங்களுக்குச் சாதகம். அரைகுறையாக முயன்று, இரவு இரண்டு மணிக்கு, பனிக்குடம் உடைந்து பல மணி நேரமான பின் அவசர சிசேரியனில் முடிவதுதான் எல்லாவற்றிலும் மோசம். கிருமித்தொற்றும் தையல் பிரிவதும் அதில்தான் அதிகம். முதல் தடவை உங்களுக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுவே. தேதி குறிக்கும்போது ஜோசியரிடம் போவது நம் வழக்கம், 39 வாரம் நிறைந்தபின் வரும் நாட்களில் நல்ல நேரம் பார்த்தால் தகராறில்லை. நட்சத்திரத்துக்காக 37-லேயே எடுத்தால் குழந்தை மூச்சுத் திணறி இன்குபேட்டரில் கிடக்க நேரலாம்.

34-ஆவது வார வாக்கில் மயக்க மருத்துவரை ஒருமுறை பாருங்கள். முதுகு ஊசி போட எலும்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறார்கள். சதை அதிகமானால் தடவிக் கண்டுபிடிப்பது சிரமம், வழக்கமான 9 செ.மீ. ஊசி எட்டாமலும் போகலாம், நீள ஊசியை முன்கூட்டியே எடுத்து வைக்கவேண்டும். இரவில் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று எழுகிறீர்களா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்லுங்கள், அது மயக்க மருத்துவருக்குத் தெரிந்தாகவேண்டிய தகவல். போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துப் போங்கள். கர்ப்பப்பையில் போட்ட வெட்டு குறுக்காகவா, நெடுக்காகவா என்பது அதில்தான் இருக்கும். தோலில் தெரியும் தழும்பை வைத்து அதைச் சொல்ல முடியாது. நெடுக்கு வெட்டு என்றால் சுகப்பிரசவப் பேச்சையே எடுக்கக்கூடாது.

இனி தையல் பிரியாமல் இருக்கத் தியேட்டரில் நடக்கவேண்டியவை. மருத்துவருக்குப் பாடம் எடுக்கச் சொல்லவில்லை, "போன தடவை தையல் பிரிந்தது டாக்டர், இந்த முறை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டாலே போதும். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். ஆன்டிபயாடிக் ஊசி தோலை வெட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போகவேண்டும். வழக்கம் செஃபசோலின் 2 கிராம், 120 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்கு 3 கிராம். தோலைத் துடைக்க ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின், அது காய்ந்த பிறகே கத்தி. கொழுப்பு அடுக்கு 2 செ.மீ.க்கு மேல் தடிமனாக இருந்தால் அதைத் தனியாகத் தைத்து வெற்றிடத்தை மூடவேண்டும். தோலுக்கு உலோகப் பின்னைவிடத் தையல்நூல் மேல், பின் போட்டவர்களுக்குப் பிரிவது கூடுதல். நீர் வடியக் குழாய் வைப்பதால் பெரிய பயன் இல்லை. உங்கள் பங்குக்கு ஒன்று: முந்தின நாள் வீட்டில் பிளேடால் ரோமம் மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில்தான் கிருமி குடியேறுகிறது. தேவையென்றால் மருத்துவமனையில் கிளிப்பரால் வெட்டுவார்கள்.

ஆபரேஷன் முடிந்தபின் நம் வீட்டு வழக்கம் ஒன்றோடு மோதவேண்டியிருக்கும். தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கிப்போகும் என்று அளந்து கொடுப்பார்கள், பச்சை உடம்பு என்று எழுந்திருக்க விடமாட்டார்கள். கர்ப்பத்தில் ரத்தம் இயல்பாகவே உறையும் தன்மையோடு இருக்கிறது. அதோடு எடையும் ஆபரேஷனும் சேர்ந்து, தண்ணீரும் குறைந்து, கட்டிலோடு கிடந்தால் கெண்டைக்காலில் ரத்தக்கட்டி உருவாக இதைவிடத் தோதான நிலை இல்லை. அது கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கால் மரத்தது தெளிந்ததும், ஆறு எட்டு மணி நேரத்துக்குள், ஒருவர் பிடித்துக்கொள்ள எழுந்து நடங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கும் ஊசி உங்களுக்குக் குறைந்தது பத்து நாள் தேவைப்படலாம். அளவை உடல் எடை பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், 90 கிலோவைத் தாண்டினால் மருந்தின் அளவும் கூடும் என்பதால் அன்றைய எடையைச் சரியாகச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதீர்கள். இந்த ஆபத்து ஆறு வாரம் வரை உண்டு.

புண்ணின் எதிரி ஈரம். சிசேரியன் வெட்டு சரியாக அடிவயிற்று மடிப்புக்குள் விழுகிறது. நின்றால் வயிறு அதன் மேல் கவிழ்ந்து வியர்வை தேங்கும். தினம் குளியுங்கள், சோப்புத் தண்ணீர் மேலே வழிந்தால் போதும், தேய்க்கவேண்டாம். பிறகு மல்லாந்து படுத்து, ஒருவர் மடிப்பை இரு கையாலும் மேலே தூக்கிப் பிடிக்க, சுத்தமான துண்டால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் பத்து நிமிடம் காயவிடுங்கள். இப்படி ஒரு நாளில் இரண்டு மூன்று முறை. காய்ந்ததும் துவைத்துக் காயவைத்த பருத்தித் துணியை நான்காக மடித்து மடிப்புக்குள் வையுங்கள், ஈரமானவுடன் மாற்றுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். குழந்தை பெற்றவளுக்கு வயிற்றில் ஓங்கி வெந்நீர் ஊற்றுவதும், புடவையால் இறுகக் கட்டுவதும் புண் ஆறும்வரை நிற்கட்டும். உள்ளாடை தழும்புக்கு மேலே, தொப்புள் வரை ஏறும் பருத்தியாக இருக்கட்டும். பால் கொடுக்கும்போது குழந்தையை வயிற்றின் மேல் போடாமல் பக்கவாட்டில் கைக்குள் அணைத்துக்கொண்டால் தையலில் பாரம் விழாது. எடை கூடியவர்களுக்கு, அதிலும் சிசேரியனுக்குப் பின், பால் சுரக்க மூன்று நாளுக்கு மேலும் ஆகலாம். உடனே புட்டிப்பாலுக்குத் தாவாமல் அடிக்கடி சப்ப விடுங்கள், குழந்தையின் எடையை மட்டும் மருத்துவமனையில் பார்த்துக்கொண்டிருங்கள்.

ஏழாம் நாள் தையலைக் காட்ட ஒரு தேதியை டிஸ்சார்ஜ் ஆகும்போதே வாங்கிவிடுங்கள், கவனிக்கவேண்டிய நாட்கள் அவைதான் என்று மேலே சொன்னேன். தினம் ஒரு கண்ணாடியைப் பிடித்துத் தழும்பைப் பாருங்கள், அல்லது வீட்டுக்காரரைக் கைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள், நேற்றைய படத்தோடு ஒப்பிடுவது எளிது. சிவப்பு பரவினாலும், தொட்டால் சூடாக இருந்தாலும், துணியை நனைக்கிற அளவு நீர் வந்தாலும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் அன்றைக்கே போங்கள். உள்ளே நீர் கோத்திருந்தால் அதை வெளியே விட்டால்தான் ஆறும், மாத்திரை மட்டும் போதாது. உடனே திரும்பத் தைத்துவிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அழுக்கை உள்ளே வைத்து மூடினால் மறுபடி பிரியும்.

ரத்தக் கொதிப்பின் அறிகுறிகளான தலைவலி, கண்ணில் மின்னல், வலது விலாவின் கீழ் வலி, முகவீக்கம் இவற்றை பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஆறு வாரம் ஆனதும், கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கருத்தடைக்கு, சிசேரியன் நடக்கும்போதே காப்பர்-டி வைத்துவிடலாம், முன்கூட்டிச் சொன்னால் போதும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ரத்தத்தை உறையச் செய்யும், முதல் ஆறு வாரத்தில் வேண்டாம். எடையைக் குறைக்கிற வேலையை அதற்கப்புறம் தொடங்கலாம், அக்காவின் யோசனைக்கும் அப்போது ஓர் இடம் உண்டு, ராத்திரிப் பட்டினி நீங்கலாக.